பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த தொப்பி

அந்தத் தொப்பியைப் பின்னியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பெரிய கப்பல்கள் அப்போது கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை லாஞ்சுப் படகு ஏற்றி வரும். அப்படி வந்து இறங்கிய வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி, காற்றில் பறக்கப் பார்த்த அகலத் தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்க வழியில்லாமல் முழித்ததைப் பார்த்தேன். ஒரு வாரம் சிரித்தேன். அந்தத் தொப்பியை அப்படியே பின்னி எங்கள் மீனெண்ணெய் பாட்டிலின் தக்கைக்குப் போட்டுவிட வேண்டும்! அம்மா காலையில் ஊட்டக் கரண்டியோடு வரும்போது பாட்டில் துரைசாணியாய் நிற்க வேண்டும்!

குரோஷா ஊசி பிடிக்க எனக்குச் சொல்லித்தந்தவள் அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் லேஸ் பின்னி மிச்சம் வைத்திருந்த வெள்ளை நூல் உருண்டைதான் எனக்கு மூலதனம். முதல் தொப்பியின் விளிம்பு அப்பளம் மாதிரிச் சுருண்டது. ரேஷன் அரிசிக் கஞ்சியில் முக்கினேன். அது வெறும் தண்ணீர், விறைக்கவில்லை. இரண்டாவதைக் கருப்பட்டிப் பாகில் முக்கினேன். விறைத்தது; ஆனால் விடிந்து பார்த்தால் எறும்பு மொய்த்துக் கறுப்புத் தொப்பியாகியிருந்தது. தட்டப் போய்க் கையெல்லாம் கடி. மூன்றாவதற்கு மரவள்ளி மாவுக் கஞ்சி. தக்கையில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் குண்டூசி குத்திக் காயவைத்தேன். நின்றது! ஒரு ரூபாய்க் காசு அகலம். பக்கத்தில் அரிசி அளவில் ஒரு சிவப்புப் பூ.

அந்த வாரம்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சாத்தான்குளத்துக்காரர், கொழும்பில் ஜவுளிக்கடை. அக்காவோ பாளையங்கோட்டைக்கு வாத்தியார் ட்ரெயினிங் போக மனுப் போட்டு, இடம் கிடைத்த கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஜூனில் சேர வேண்டும். "கல்யாணத்துக்குப் பொறவு மாப்பிள்ள பாடு, அவ பாடு" என்று அப்பா முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் பதில் பேசுகிற வாய் என்னுடையது.

முன்னறை மேசையில் அம்மா தலையணை உறைகளையெல்லாம் பரப்பினாள்.

"அந்தச் சின்னத் தொப்பியையும் வைங்கம்மா, பாக்க அழகா இருக்கும்" என்றாள் அக்கா.

"ஆமா, நீ பின்னுனதுன்னு சொல்லிருவோம். ஒனக்கும் தெரிஞ்ச வேலதான?" என்றாள் அம்மா.

"அது என்னுது!" என்றேன்.

"ஏளா, மாப்பிள்ள ஒனக்கா வாரான்? சும்மா கெட" என்றாள் அம்மா.

எனக்குச் சடை பின்னும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நான் பின்னுனதுன்னுதான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது, கேட்டியா?" ரிப்பன் கட்டும்போது மறுபடி சொன்னாள். அவர்கள் வண்டி வாசலில் நின்றபோது அடுப்படியில் வந்து மூன்றாவது தடவையும் சொன்னாள்: "நீ பின்னுனதுன்னா யாரு நம்புவா?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது.

மாப்பிள்ளையின் தாயார் தலையணை உறைகளைத் தள்ளிவிட்டுத் தொப்பியை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டினார். "ஏ அம்மா! எலிக்குட்டிக்குத் தொப்பி தச்ச மாதிரில்லா இருக்கு! யாரு செஞ்சது?"

"எல்லாம் பெரியவதான்" என்றாள் அம்மா.

"ஆமா அத்தை" என்றாள் அக்கா, தலை குனிந்தபடி.

"இம்புட்டுப் பொறுமையா! இந்தப் பிள்ள குடும்பத்தத் தாங்கும்."

பொறுமையாம்! எறும்புக்கடி எனக்கு, பொறுமை அவளுக்கா? கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தேன். "பொய்! நான் பின்னுனது! மரவள்ளிக் கஞ்சியில முக்குனது நான்! கையப் பாருங்க!"

"சவத்து மூதி, உள்ள போ!" என்று அப்பா எழுந்தார்.

"இருங்க அண்ணாச்சி" என்று அந்தம்மா கையை உயர்த்தினார். "பெரியவ ரெண்டு வரி பின்னிக் காட்டட்டும். தீந்துபோச்சுல்லா?"

அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஊசியையும் நூலையும் நானே கொண்டுபோய் அக்கா மடியில் எறிந்தேன். அவள் ஊசியை இடது கையில் எடுத்தாள். நூலை விரலில் கயிறு மாதிரிச் சுற்றினாள். இரண்டு குத்துக் குத்தினாள், சிக்கு விழுந்தது. உருண்டை உருண்டு மாப்பிள்ளையின் காலடியில் போய் நின்றது.

"தெரியல அத்தை" என்றாள்.

தாயார் தொப்பியை மேசையில் வைத்தார். "வேல தெரியாட்டாக் குத்தமில்ல. வாய் கூசாமப் பொய் சொல்லுததுதான்..." காப்பியைத் தொடாமல் போய்விட்டார்கள்.

கரண்டிக் காம்பு எனக்குத்தான். "நீ போட்ட கூச்சல்ல அவளுக்குக் கை நடுங்கிப்போச்சுளா!" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள் அம்மா. உண்மை சொன்னதற்கு அடி! பொய் சொன்னவள் மூலையில் உட்கார்ந்து வேதப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

கை நடுங்கினால் வலது கைக்காரியின் ஊசி இடது கைக்கு மாறுமா? கண்ணை மூடிக்கொண்டு லேஸ் பின்னுகிறவளுக்குச் சங்கிலிப் பின்னல் மறக்குமா? தொப்பியை வைக்கச் சொன்னது யார்? வாயைத் திறக்காதே என்று என்னிடம் மூன்று தடவை சொன்னது எதற்கு? இந்தக் கேள்விகள் எனக்கு வர எட்டு வருஷம் ஆயிற்று. வந்ததும் மறுபடி கோபம், இந்தத் தடவை தொப்பிக்காக இல்லை. என் கோபத்தை என்னிடம் கேட்காமல் எடுத்து அக்கா தன் அடுப்பை மூட்டியிருக்கிறாள்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகக் கத்தியிருப்பேனே!

அடுத்த மாப்பிள்ளை அமைவதற்குள் அந்த வருஷத்து ஜூன் வந்துவிட்டது. சாத்தான்குளத்துக்காரர்கள் திரும்பிப் போன பேச்சு ஊரெல்லாம் பரவியதில் அப்பாவும் சலித்து, "போய்ப் படிக்கட்டும்" என்றார். ரயிலுக்குப் போக ஜட்கா வந்தது. வண்டி நகர்ந்த பிறகு அக்கா பின்பக்கமாய்த் திரும்பிச் சுண்டுவிரலை உயர்த்தினாள். விரலில் என் தொப்பி!

"திருடி! என் தொப்பியக் குடு!" தெருமுனைவரை வெறுங்காலோடு ஓடினேன். அவள் கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், வண்டி திரும்பும்வரை சிரித்தாள். திருடினவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நான் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.