பின்சீட்டில் ஒரு முள் கீறல்

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் எட்டரை மணிக்கு ஆம்பூர் தொழிற்சாலையின் அலுவலகத்தைத் திறந்து, மேசையைத் துடைத்து, மின்விசிறியைப் போட்டு, நாற்காலியைத் தட்டினேன். முதலாளியின் மகன் சின்ன சாப் பொறுப்புக்கு வந்ததும் வாங்கிப்போட்ட சுழல் நாற்காலி அது. பார்க்கத் தோல் மாதிரி இருக்கும். தினமும் கறுப்புச் செதிலாக உரிந்து பேன்டில் ஒட்டிக்கொள்ளும். தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்கிற இடத்தில் மேனேஜர் நான் உட்காருவது பிளாஸ்டிக்கின் மேல்.

ஜன்னலுக்கு வெளியே கொட்டகைச் சுவரில் ஒரு பின்சீட் சாய்ந்து நின்றது. பழைய முதலாளி பெரிய சாப்பின் கான்டெஸ்ஸா காரில் இருந்தது. காரை முந்தைய நாள் இழுத்துப் போய்விட்டார்கள். நெடுஞ்சாலையில் புதிதாகப் பிரியாணிக் கடை போடுகிறவர் அதைக் குறுக்கே வெட்டிக் கல்லா மேசை ஆக்கப்போகிறாராம். ஓட்டத் தெரிந்தவனுக்குக் கிடைக்காத கார், சில்லறை வாங்கிப்போடுகிறவனுக்குக் கிடைத்தது. சீட்டை மட்டும் அவர் வேண்டாம் என்றார். "இது சுருங்கிப்போய்கீது சார். செவப்பு ரெக்சின் போட்டுக்கறேன், போட்டோல பளிச்னு வரும்" என்றார். ரெக்சினைப் பார்த்துப் பளிச்சென்று இருக்கிறது என்பவரிடம் பேச என்ன இருக்கிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரிலிருந்த முதலாளிகள் ஒவ்வொருவராகப் புது மாதிரிக் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்கும்; எந்தப் பொத்தான் என்று டிரைவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. உள்ளே சாம்பல் நிறத் துணி சீட். தோல் வாங்க வருகிறவனைத் துணியின் மேல் உட்காரவைத்துச் சென்னையிலிருந்து அழைத்து வந்தார்கள். அதிலிருந்த கேலிக்கூத்து ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாறாக எங்கள் காரைப் பார்த்துச் சிரித்தார்கள். நீளமான மூக்கும் அகலமான பின்பக்கமுமாக அது நிற்பதைக் கண்டு, "இன்னா பாய், இன்னும் இந்தக் கப்பல விடலியா?" என்று ஒருவர் வாசலிலேயே கேட்டார். பெரிய சாப் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்ம சரக்கு கப்பல்லதானே போவுது. உன் கார்ல ஏத்தி அனுப்பறியா?" என்றார்.

அந்தக் காரின் அருமை அதன் பின்சீட்டில்தான் இருந்தது. காலை நீட்டி உட்காரலாம். குழிகளில் தூக்கிப் போடாமல் மெல்ல ஏறி இறங்கும். வாங்கிய மாதமே பெரிய சாப் அதன் பழைய உறையைக் கிழித்துவிட்டு, எங்கள் தொழிற்சாலையில் பதனிட்ட மாட்டுத் தோலைப் போட்டார். சாயம் மட்டும் ஏற்றிய தோல்; மேலே பூச்சு கிடையாது. அதில் மாடு உயிரோடு இருந்தபோது முள் கீறி ஆறிப்போன தழும்பு ஒன்று ஓடியது. வெட்டும் மாஸ்டர் அதை ஒதுக்கப் போனபோது தடுத்து, இடப்பக்கம் உட்காருகிறவரின் கை விழும் இடத்தில் வரும்படி தைக்கச் சொன்னார். "ஏன் சாப், டிஃபெக்ட்டு பீஸாச்சே?" என்று மாஸ்டர் கேட்டார். "பிளாஸ்டிக்குக்குக் காயம் ஆறாது மாஸ்டர். தைங்க" என்றார் பெரிய சாப்.

தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் வரும்போதெல்லாம் நான் முன்சீட்டில் போவேன். மடியில் சாம்பிள் பை இருக்கும். அதைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. "காட்னா விலைய கம்மி பண்ணுவான். உக்கார வை, அவனே கேப்பான்" என்பார் பெரிய சாப். வாலாஜாபேட்டையில் டீக்கு நிறுத்துவோம். அதுவரை வந்தவர் வெயிலைப் பற்றிப் பேசுவார். வேலூர் தாண்டியதும் பேச்சு குறையும். பள்ளிகொண்டா பக்கம் வரும்போது நான் கண்ணாடியில் பார்ப்பேன்: அவர் விரல் அந்தத் தழும்பின் மேல் மெதுவாகப் போய்வந்துகொண்டிருக்கும். பெரிய சாப் வெளியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆம்பூருக்குள் நுழைவதற்குள் பையர் கேட்டுவிடுவார், இந்தத் தோல் யாருடையது என்று. துணி சீட்டுக்காரர்களிடம் எவரும் அப்படிக் கேட்டதில்லை. அவர்களுக்குக் கடைசிவரை காரணமும் தெரியவில்லை. அடுத்த முறை இன்னும் விலை கூடிய காரை வாங்கினார்கள்.

சின்ன சாப்பின் இப்போதைய வண்டி வெள்ளை நிறம், ஆள் உயரம். படி வைத்து ஏற வேண்டும். அதன் சீட் 'தோலின் உணர்வு தரும்' என்று கூடக் கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. தோல் வியாபாரி அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் புதன்கிழமை ஒரு புது பையர் வருவதாக இருந்தது. அவர் ஆர்டர் கொடுக்காவிட்டால் பதனிடும் பிரிவை மூடிவிட்டு, ஷெட்டைக் கோடவுனாக வாடகைக்கு விடுவதென்று சின்ன சாப் முடிவுசெய்திருந்தார். அங்கே வேலை செய்கிற அனைவருக்கும் அது தெரியும். காரில் அந்தத் தோலைத் தைத்த மாஸ்டரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார். செவ்வாய் மத்தியானம் பின்சீட்டைக் காட்டி, பையர் உட்கார இதை வைக்கலாமா என்று சின்ன சாப்பிடம் கேட்டேன்.

"இன்னா அங்கிள் நீங்க, பழைய சாமான் கடை மாதிரி. டிவில வீடியோ ஓடும், ட்ரோன்ல எடுத்தது. சாம்பிள் ஃபோல்டர் புதுசா அடிச்சிருக்கு. போதும்."

"தொட்டுப் பார்க்க ஒண்ணு வேணாமா தம்பி?"

"வீடியோ பாத்தா தெரியாதா?"

ஆகாயத்திலிருந்து தோலைப் பார்க்கிறவரிடம் மேற்கொண்டு வாதாடவில்லை. சாயங்காலம் மாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாதிரி தோல இப்பவும் போடலாம் சார். கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார். பிறகு, "கால எத்தினி மணிக்கு வரணும்?" என்றார்.

12ஆம் தேதி காலை அலுவலகத்தைத் திறந்ததும் நாற்காலியைத் தட்டவில்லை. நானும் மாஸ்டருமாக வரவேற்பறைச் சோபாவைக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு, மரச்சட்டம் ஒன்றைப் போட்டு அதன்மேல் பின்சீட்டைப் பொருத்தினோம். ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தேன். தழும்பு இடப்பக்கம், வருகிறவரின் கை விழும் இடத்தில் இருந்தது. புது சாம்பிள் ஃபோல்டரை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.