அக்கா நிறுத்தி வைத்த ஆட்டம்

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறையில் நான் குடியிருந்தபோது நடந்தது இது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், பம்பாயில் ஓர் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததில்லை. மண்ணூர்பேட்டைக்கு வந்தபோது ஒரு லேத் பட்டறையில் ஹெல்பர் வேலை கிடைத்தது. என் சாமான்கள் என்று சொன்னால் ஒரு பாய், ஒரு பை, ஒரு வீடியோ கேம் பெட்டி.

பம்பாயில் என்னோடு அறையில் இருந்தவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பெட்டி அது. டி.வி.யில் மாட்டி விளையாட வேண்டும். என்னிடம் டி.வி. இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. கறுப்பு வெள்ளை டி.வி.தான். அந்த வீட்டு அண்ணன் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். அக்காவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்காகத்தான் பெட்டியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் மாட்டினேன். குழந்தை நாலு நாளில் சலித்துப் போய்ப் பாண்டி ஆடப் போய்விட்டது. பெட்டியோடு வயரில் தொங்கும் ரிமோட்டைக் கீழே வைக்காதவர் அக்காதான்.

பெட்டியில் செருகும் கேசட்டின் மேல் லட்சம் விளையாட்டு என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு விளையாட்டுதான் பேர் மாற்றி மாற்றி வரும். அக்கா அதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா தம்பி, லட்சம்னு போட்டு ஏமாத்திக்கினு கீறானுங்க" என்று சிரித்தார். பிறகு அந்த ஏழெட்டையும் ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தார். அண்ணன் வேலைக்கும் குழந்தை பள்ளிக்கும் போன பிறகு, சோறு வடித்த கையோடு உட்காருவார். கார் பந்தயம் முடிந்தது. டாங்கி சண்டை முடிந்தது. பழம் பொறுக்குவது முடிந்தது. தண்ணீர் பம்படியில் குடத்தோடு நிற்கும்போது மற்ற பெண்கள் சீரியலைப் பற்றிப் பேசுவார்கள். எதிர்வீட்டு அம்மா அக்காவைப் பார்த்து, "உன் ஆளு இப்ப எங்கடி கீறான்?" என்று கேட்பார். "நேத்து பாலத்தாண்ட செத்தான்" என்பார் அக்கா. வரிசை முழுக்கச் சிரிக்கும்.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. ஒரு குட்டி மனிதன் கையில் தீப்பந்தத்தோடு ஒரு குகைக்குள் இறங்குவான். ஒரு தளம் தாண்டினால் அடுத்த தளம். வௌவால் வரும், பாறை உருளும், தண்ணீர் ஏறும். அடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற வசதி எல்லாம் கிடையாது. அணைத்தால் மறுபடி முதல் தளம்தான். அது நீளமான ஆட்டம். ஒரே மூச்சில் முடிப்பதற்கு, வீட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு எங்கே நேரம்?

அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். நிறுத்திவிட்டு டி.வி.யை மட்டும் அணைத்துவிடுவார். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அடாப்டர் சூடேறும் என்பதால் அதை ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் வைப்பார். பெட்டியின் சிவப்பு விளக்கு தெரியாமல் இருக்க ஒரு துணியைப் போட்டு மூடுவார். வீட்டு சொந்தக்காரர் மீட்டரைப் பார்த்து முணுமுணுக்கிறவர். பொழுதன்னிக்கும் கரண்ட் இழுக்கிறது என்று தெரிந்தால் அண்ணன் சங்கடப்படுவார் என்று அவரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். சமையல், துணி, ரேஷன் கடை என்று எல்லாம் முடித்து வந்து, துணியை விலக்கி, விட்ட இடத்திலிருந்து இறங்குவார்.

ஆனால் எஸ்டேட் பக்கம் கரண்ட் போகாமல் இருக்கிற நாளா அது? பாதி குகை தாண்டியிருப்பார், ஃபேன் மெதுவாகும். "போச்சு தம்பி" என்பார். போய் அரிசி களைவார். மறுநாள் மறுபடி முதல் தளம்.

இதற்கு இவ்வளவு மெனக்கெடணுமா என்று ஒருநாள் கேட்டேன். "நான் எதையுமே கடைசி வரைக்கும் பாத்தது இல்ல தம்பி. ஒம்பதாவது பாதியில நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கெயம படம் போட்டா கிளைமாக்ஸ் அப்ப அடுப்பாண்ட நிப்பேன். இந்த ஒண்ணையாச்சும் பாத்துடணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் எதையும் முடித்தவன் இல்லை என்பதால் அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

குட்டி மனிதனின் சட்டை என்ன நிறம் என்று அவர்கள் வீட்டில் ஒரு தகராறு ஓடும். கறுப்பு வெள்ளையில் எல்லாம் சாம்பல்தான். அண்ணன் சிவப்பு என்பார். அக்கா நீலம் என்பார். "உனக்கு எப்பிடிமே தெரியும்?" என்று அண்ணன் கேட்பார். "தெனம் கூடவே கீறேன், எனக்குத் தெரியாதா?" என்பார் அக்கா. அண்ணன் என்னைப் பார்த்து, "பாத்துக்கினியா தம்பி, நான் இன்னா சட்டை போட்டுகினு போனேன்னு கேளு, தெரியாது" என்பார். அவர் விளையாடியதே இல்லை. அக்கா விளையாடுவதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

புரட்டாசியில் அண்ணனின் கம்பெனி ஓசூருக்கு மாறுவது உறுதியாயிற்று. பூஜை முடிந்த வாரம் கிளம்ப வேண்டும். அக்கா கணக்குப் போட்டார். ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே எஸ்டேட்டில் மெஷின்களை நிறுத்தித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். மெஷின் ஓடாவிட்டால் நம் பக்கம் கரண்ட் போகாது. வருஷத்தில் அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர் சொன்னது சரிதான். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்தார். விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பட்டறையில் மண்ணெண்ணெயும் காட்டன் வேஸ்ட்டும் கொண்டு லேத்துகளைத் துடைத்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அதுவரை நாங்கள் பார்க்காத தளம். பாட்டு மாறியிருந்தது. வௌவால் இல்லை, பாறை இல்லை. கீழே ஒரு கயிற்று ஏணி மட்டும் இறங்கியது.

"இதான் கடைசி. எனக்குத் தெரியும்" என்றார்.

"இறங்குங்க அக்கா" என்றேன்.

"இப்ப வாணாம். அவருக்கு டிபன் செய்யணும், நீயும் நாறிக்கினு கீறே. நாளிக்கு மத்தியானம் நீ பட்டறை பூஜை முடிச்சிட்டு வா. சேந்து பாக்கலாம். உன் பொட்டிதானே" என்றார். பட்டனை அழுத்தினார். குட்டி மனிதன் ஏணியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். டி.வி. அணைந்தது. துணி மூடியது.

மறுநாள் காலையில் நான் பட்டறைக்குப் போனேன். முதலாளி வரத் தாமதமானது. பிறகு பூஜை, பூசணிக்காய் உடைப்பு, பொரி கடலைப் பங்கு. வெயில் ஏறிவிட்டது. பொரிப் பொட்டலத்தோடு வேகமாக நடந்து வந்தேன். அக்கா அப்போதுதான் குழந்தையோடு திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே "வா" என்றார்.

உள்ளே சாம்பிராணிப் புகை. அண்ணன் குளித்து வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். சாமி படங்களுக்கு முன்னால் ஒரு பலகை. அதன்மேல் அவருடைய ஸ்பேனர்கள், அளவு பார்க்கும் வெர்னியர், அக்காவின் அரிவாள்மனை, குழந்தையின் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், பளபளவென்று துடைத்து, அந்த வீடியோ கேம் பெட்டி. வயர்களை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பெட்டியின் மேல் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். ரிமோட்டுக்கும் ஒரு சின்னப் பொட்டு. கேசட்டின் மேல் ஒரு சாமந்திப் பூ.

"இன்னாமே பாக்குறே? உன் மெஷினுக்கும் வச்சிட்டேன்" என்றார் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. "அணைக்க மறந்துட்டே போல. துணிய எடுத்தா உள்ள லைட்டு எரியுது. கைய வச்சா சுடுது. மெஷின்னா அதுக்கும் ஒரு நாளாச்சும் ஓய்வு வாணாமா?"

அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும். டர்னர்கள் தங்கள் மெஷினுக்குப் பொட்டு வைப்பது தங்களுக்குச் சோறு போடுகிறது என்பதால். பெண்டாட்டி விளையாடுகிற பெட்டியையும் தன் வெர்னியருக்குப் பக்கத்தில் வைத்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்கா சுருட்டிய வயரையும் பெட்டியையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று.

பிறகு அண்ணனிடம், "ரிமோட்டுக்குப் பொட்டு கொஞ்சம் கோணலா வச்சிருக்கே" என்றார்.

"உன் ஆளு மாரியே கோணல்" என்றார் அண்ணன். குழந்தை சிரித்தது. அக்காவும் சிரித்தார். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டும்போது அக்கா அந்தப் பெட்டியையும் கும்பிட்டார். எனக்குக் கொடுத்த சுண்டலைக் குழந்தையின் தட்டில் போட்டேன்.

விஜயதசமி முடிந்து எஸ்டேட்டில் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. கரண்ட் பழையபடி போக ஆரம்பித்தது. அக்கா மறுபடி அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. பாத்திரங்களைக் கோணிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். லாரி வந்த அன்று பெட்டியை அவர்களோடு எடுத்துப்போகச் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் பொருள் உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. ஊர் ஊரா சுத்துறவன், உனக்கும் ஒரு துணை வாணாமா" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கடைசிக் கோணியின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒருமுறை வற்புறுத்தியிருக்கலாம். வண்டி கிளம்பும் அவசரத்தில் அது விட்டுப்போயிற்று. அக்கா முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "வரோம் தம்பி, வேளைக்குத் துன்னு" என்றார். அவ்வளவுதான்.

நானும் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. பட்டறையை விட்டு மறுபடி லாரியில் ஏறினேன். பெட்டி ஏதோ ஓர் ஊரில் மழையில் நனைந்து செத்தது. ஒருமுறை ஓசூர் வழியாகப் போனபோது இறங்கி, கம்பெனிகள் இருக்கிற பக்கம் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். அம்பத்தூரிலிருந்து வந்த டர்னர், ஒரு பெண் குழந்தை என்றேன். டீக்கடைக்காரர், "இங்க பாதிப் பேர் அங்கிருந்து வந்தவங்கதான். யாருன்னு சொல்றது?" என்றார். லோடு இறக்க நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

சில வருஷம் கழித்து நாக்பூரில் வண்டி ரிப்பேராகி இரண்டு மூன்று நாள் நின்றது. மெக்கானிக் கடைக்கு எதிரில் ஒரு வீடியோ கேம் கடை. பொழுது போகவில்லை. உள்ளே போனால் அதே கேசட், கலர் டி.வி.யில். அங்கே கரண்ட் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு வேலை சொல்லவும் யாரும் இல்லை. பகல் முழுக்க உட்கார்ந்து இறங்கினேன். அந்தப் பாட்டு மாறிய தளம் வந்தது. கயிற்று ஏணியில் குட்டி மனிதன் ஒரு காலை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். கடைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

இறங்கினேன். அக்கா சொன்னது போல அதுதான் கடைசி. அடியில் புதையலும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு கதவு. திறந்தால் வெளியே வெயில், ஒரு சின்ன வீடு, கூரைமேல் புகை. குட்டி மனிதன் பந்தத்தை அணைத்துவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டான். பிறகு இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது. அப்புறம் மறுபடி முதல் தளம்.

அவன் சட்டை நீலம்.

அந்தக் கடையில் என்னோடு பேச்சுத் துணைக்குத் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆள் எந்தத் தெருவில் இருக்கிறார் என்றும் தெரியவில்லை. மண்ணூர்பேட்டையில் அன்று சாயங்காலமே இறங்கியிருந்தால் அவரே பார்த்திருப்பார். எனக்காகத்தான் நிறுத்தி வைத்தார். அண்ணனுக்காகத்தான் அதைச் சொல்லாமல் விட்டார். இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக ஒருவழியாக நின்றுவிட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களை அணைக்கச் சொல்லும்போது எங்கேயாவது ஒரு சின்ன விளக்கு எரிந்தால், அதற்குள் யாருடைய ஆட்டம் பாதியில் நிற்கிறதோ என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் என் கை ஸ்விட்சுக்குப் போகிறது.