கட்டச் சொன்ன வாய்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் பந்து போடப் போகிறாள் என்று என்னைப் பற்றிப் பேசியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தோடுதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

கடந்த அக்டோபரில் கேரளப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் பாலக்காட்டுப் பக்கம் நடந்தது. அதற்கு முந்தின வாரம் அம்மா ஏலத்தோட்டத்து வேலையில் வழுக்கி விழுந்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக நான் ஏலக்காய் எடுக்கப் போனேன். இந்தச் சக்குபள்ளம் மலையில் இருக்கிற உங்களுக்கு ஏலக்காய்க் கறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கறுத்துப்போயின. நான் பந்தைச் சுழற்றுவதும் அதே விரல்களால்தான்.

"ஏட்டி, உப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போவாது. விடு" என்றாள் அம்மா.

என் மூன்றாவது ஓவரில் நடுவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பந்து பிடிமானமாக இருக்க எதையோ பூசியிருக்கிறேன் என்றார். "ஏலக்கா கறை சார்" என்றேன். நம்பவில்லை. ஆட்டத்தை நிறுத்தி மேலதிகாரியை வரவழைத்தார். ஏமாற்றுக்காரி என்று எழுதிவிட்டால் பிறகு எந்த அணியும் என்னைச் சேர்க்காது. அழுகையாக வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எதிரணித் தலைவி ஓர் ஏலத்தோட்ட முதலாளியின் மகள். காலையிலிருந்து என்னைப் 'பாண்டி' என்றுதான் கூப்பிட்டாள். தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற பேர் அது. அதிகாரி அவளையும் விசாரிக்கக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன். "ஆண்டவரே, அவள் வாயைக் கட்டிப்போடும். ஒரு வார்த்தை வரக்கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன். அன்பெல்லாம் இல்லை. வெறுப்போடுதான் கேட்டேன்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். "இது ஏலக்காய்க் கறைதான். எங்கள் தோட்டத்துப் பாண்டிச்சிகள் கையெல்லாம் இப்படித்தான் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் ஒட்டாது" என்று மலையாளத்தில் சொன்னாள்.

அதிகாரி தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பந்தை என் கையில் கொடுத்தார். அன்று நான்கு விக்கெட் எடுத்தேன்.

அவள் ஏன் சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் மாட்டேன். இப்போது இருவரும் ஒரே அணியில் இருக்கிறோம். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தினமும் ஜெபத்தில் அவள் பேரைச் சொல்கிறேன். அதுவே எனக்குப் பெரிய மாற்றம்.

என்னைப் பேசினவர்களும் கேளுங்கள். கோபமாக இருந்தாலும் ஆண்டவரிடம் போய்க் கேளுங்கள். எப்படிச் செய்வது என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். நான் கட்டச் சொன்ன வாயை அவர் திறந்துவிட்டார். அன்று நான் கேட்டபடியே அவர் செய்திருந்தால், ஏமாற்றுக்காரி என்ற பேரோடுதான் இந்த மலைக்குத் திரும்பியிருப்பேன்.