வீதி இல்லாத முகவரி

இந்த நாட்டில் தேநீர்க் கடையில்கூடக் குறை கேட்கிறார்கள். குடித்துவிட்டு எழும்பினால், எப்படி இருந்தது, எதை மாற்றலாம் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டு கேட்கிறாள். டொரொண்டோவில் சில குளிர்காலங்கள் போன பிறகும் "குட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

குடிவந்தோருக்கான உதவி நிலையத்தில் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தபோதும் அப்படித்தான் தப்பிக்கப் பார்த்தேன். குடும்பத்தை அழைக்க இனி கவுண்டர் கிடையாது, இணையப் பக்கத்தில்தான் பதிய வேண்டும். அதைத் திறக்குமுன் எங்களைப் போன்ற சிலரை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றார் மொழிபெயர்க்க வந்த சிவம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். என் மனைவி சாந்தி இலங்கை மலைநாட்டில், டயகம தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில் காத்திருந்தாள். சோதனையை நடத்திய லிண்டா, மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டாள்.

"பயப்பிடாதேங்கோ தம்பி," என்றார் மாஸ்டர். "சோதனை உங்களுக்கில்லை, இந்தப் பக்கத்துக்குத்தான்."

நான் நம்பவில்லை. சின்ன வயதில், தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை ஒருவர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று, குறை இருந்தால் பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். அப்பா லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொன்னார். மறுநாளிலிருந்து அவரைத் தனியாகச் செங்குத்து மலையில் கான் வெட்ட, மழைநீர் வடியும் வாய்க்கால் தோண்டப் போட்டார்கள். கூரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. வாய் திறக்காமல் பிழைக்கப் பழகி, எட்டாம் வகுப்போடு கொழும்பு, குவைத் என்று அலைந்து இங்கே வந்தவன் நான்.

சாந்தியின் பெயரைத் தட்டினேன். வீட்டு இலக்கம், வீதி என்று இரண்டு கட்டங்கள். லயத்துக்கு ஏது வீதி? கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். லிண்டாவும் காத்திருந்தாள். பிழை என்று சிவப்பில் எழுதியிருந்ததாம். அது திரையில் தெரியாமல் மேலே போயிருந்தது.

"ஏன் தம்பி சும்மா இருக்கிறீங்கள்?"

"கூப்பிடுவாங்கன்னு இருக்கேங்க."

"ஆர், கொம்பியூட்டரோ?" மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு எழும்பிவிடலாம். ஆனால் இப்படியே திறந்தால் சாந்தி இதற்குள்ளால் வரமாட்டாள்.

"எங்களுக்கு வீதி இல்லைங்க," என்றேன். "டயகம, கீழ் டிவிஷன், ஆத்தோர லயம். அவ்வளவுதாங்க. இது இப்படியே இருந்தா எம் பொண்டாட்டி வர முடியாதுங்க. இது சரியில்லைங்க."

மாஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு மொழிபெயர்த்தார். லிண்டா நன்றி சொல்லி எழுதிக்கொண்டாள். அவள் எழுத எழுத, கான் வெட்டப் போக என் பெயரைப் பதிவதுபோலவே இருந்தது.

பல வாரங்கள் நிலையத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை நான் எடுக்கவில்லை. பிறகு பக்கம் திறந்தது. கட்டத்துக்குக் கீழேயே, வீதி இல்லாதவர்கள் இடத்தைத் தங்கள் சொல்லில் எழுதலாம் என்று தமிழிலும் போட்டிருந்தது. ஆத்தோர லயம் என்று எழுதி அழுத்தினேன். அடுத்த பக்கம் வந்தது. வலது கை மவுஸில் இருந்தது. இடது கை நெஞ்சில் மடிந்து, கட்டிக்கொள்ள மற்றக் கை வருமென்று காத்திருந்தது.