எடைமேடைக்காரரின் பிஸ்கட் டப்பா

எங்கள் தெருவில் ஒரு வதந்தி. லாரிகளுக்கு எடை போடும் எடைமேடைக்காரர் எந்தத் தீனியையும் விடாமல், தின்பதை நோட்டில் எழுதி எழுதியே பதினொரு கிலோ இறங்கிவிட்டாராம். எழுதினால் இளைக்கும் என்றால், முப்பது வருடமாகப் பத்தி எழுதும் நான் இந்நேரம் காற்றில் பறந்திருக்க வேண்டும். தொண்ணூற்றிரண்டு கிலோவில் உட்கார்ந்திருக்கிறேன். விசாரிக்கக் கிளம்பினேன், இரண்டு தெரு தள்ளித்தான், ஆட்டோவில்.

முதலில் அவர் வீட்டம்மாவைப் பிடித்தேன்.

"தின்னுற ஒவ்வொண்ணையும் எழுதணும்ல அண்ணே? எழுதச் சோம்பல்பட்டுத் திங்கிறதையே விட்டுட்டார்."

பாதி வதந்தி வாசலிலேயே விழுந்தது. மீதிக்கு எடைமேடைக்குப் போனேன்.

மேடைக்கு அடியில் ஒரு குழி. மண் சேர்ந்தால் எடை தப்பும் என்பதால் வாரம் ஒருமுறை அவர் இறங்கிக் கூட்ட வேண்டும். போன வருடம் அதன் வாயில் இடுப்போடு சிக்கிக்கொண்டவரை இரண்டு டிரைவர்கள் சேர்ந்து பிடுங்கியிருக்கிறார்கள். இன்னொரு தடவை சிக்கினால் ஒல்லியான ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று பிறந்தது நோட்டு. லாரிக்குப் போலவே தீனி டப்பாவுக்கும் இரண்டு எடை: தின்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. குறைந்தது வயிற்றில். இளைத்த பிறகும் ஏன் எழுதுகிறீர்கள் என்றேன். குழி அகலமாகவில்லையே என்றார்.

சொல்லிவிட்டு எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு குழிக்குள் போனார். மேசையில் பிஸ்கட் டப்பா. அது தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லமாட்டேன். மூன்று எடுத்தேன்.

மேலே வந்தவர் கைகழுவி, டப்பாவைச் சின்னத் தராசில் வைத்தார். நெற்றி சுருங்கியது.

"ரெண்டு தின்னதாத்தான் ஞாபகம் சார். அஞ்சு தின்ன மாதிரி காட்டுது."

தராசு கெட்டிருக்குமோ என்று அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"எடை பொய் சொல்லாது சார், வாய்தான் சொல்லும். இருபது வருஷமா டிரைவருங்ககிட்டப் பாக்குறேன்."

என் வாய் எதுவும் சொல்லவில்லை. அதில் மூன்றாவது பிஸ்கட் இருந்தது.

ஐந்து என்று எழுதிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று குறித்திருந்ததில் பாதியை அடித்தார். பசியோடு படுத்திருப்பார், பாவம்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் நேற்றுப் போனேன். வாசலிலேயே, "கொஞ்சம் இளைச்சிட்டீங்க போல சார்?" என்றார். எடைமேடைக்காரர் வாயால் வந்த வார்த்தை. அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? மூன்று பிஸ்கட் இன்னும் அவர் பேரில்தான் நிற்கிறது.