அப்பா நொறுக்கிய பிரஷர் மெஷின்

இன்று தேவாலா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். இலை எடை போடும் இடத்துக்கே நர்ஸ் அக்கா வந்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இவ்வளவு பிரஷரா? மாத்திரை போடலைன்னா மாரடைப்பு வந்துருமுங்க."

"ஆபீஸ்ல சொல்லி என் வேலையைப் புடுங்கப் பாக்கறியா?" என்று கத்திய அப்பா, செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் பிடியால் மெஷினை அடித்து நொறுக்கினார். தடுக்கப் போன எனக்கும் ஓர் அறை. உதடு கிழிந்தது.

அக்கா உடைந்த மெஷினைப் பொறுக்கிப் பையில் போட்டார். ஆனாலும் அவர் போகவில்லை.

"பிரஷர் எழுதின இந்தச் சீட்டு ஆபீசுக்குப் போகாதுங்க. நீங்க மாத்திரை போட்டுட்டு வேலைக்கு வாங்க."

அப்பா என் உதட்டைப் பார்த்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

தினமும் ஞாபகப்படுத்துவது என் பொறுப்பாம், அக்கா சொல்லிவிட்டார்.

கோபக்காரருக்கு எவ்வளவு தூரம் தள்ளி நின்று மாத்திரை கொடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.