அஞ்சல்காரர் மகள் நடந்த சேதி

ஆரல்வாய்மொழி பகவதியப்பனுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அவரோடு திருவிழாவுக்கும் கோயிலுக்கும் போய் வந்த பெண்சாதி தாணம்மாளைக் கேட்டால் குறை என்றுதான் சொல்லுவாள். அவர் திருவிதாங்கூர் அஞ்சலில் ஓட்டக்காரர். காலையில் ஆரல்வாய்மொழி அஞ்சலாபீசில் பையைத் தோளில் ஏற்றினால் எட்டு மைல் ஓடி நாகர்கோவிலில்தான் இறக்குவார். மத்தியானம் அங்கிருந்து வேறொரு பையோடு திரும்பி ஓடி வருவார். கையில் சலங்கை கட்டிய கோல். அந்தச் சத்தம் கேட்டால் மாட்டுவண்டிகள் ஓரம் ஒதுங்கும். வழியில் நிற்கக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது என்பது சட்டம். பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடிப் பழகிய காலுக்கு லீவு நாள் எது, வேலை நாள் எது என்று யார் போய்ச் சொல்லுவது?

மூத்த மகன் செல்வனுக்கு ஆறாம் மாதம் கன்னியாகுமரி அம்மன் கோயிலில் சோறூட்டப் போன கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். அண்டை வீட்டுச் சுடலையாண்டியின் மாட்டுவண்டியில்தான் கிளம்பினார்கள். கொட்டாரம் வரை பொறுத்துப் பார்த்த பகவதியப்பன், இந்த மாடு போகிற போக்கில் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும் என்று சொல்லி, குழந்தையை வாங்கிக்கொண்டு குதித்து இறங்கி நடந்துவிட்டார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டார். பூசை செய்யும் போத்தி பார்த்தார். "பிள்ளையைக் கொண்டாந்துட்டீரு, சரி. சோறும் தாயும் எங்க ஓய்?" என்று கேட்டார். சோறும் தாயும் வண்டியில் வந்துகொண்டிருந்தன. பசியில் பிள்ளை போட்ட கூச்சலில் சன்னதியே அதிர்ந்தது. தாணம்மாள் வந்து இறங்கியபோது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பகவதியப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகாவது திருந்தினாரா என்றால் இல்லை. எங்கே போனாலும் பிள்ளையைத் தூக்கித் தோளில் உட்கார வைப்பார், விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். தாணம்மாள் துணிமூட்டையும் கட்டுச்சோறுமாகப் பின்னால் வேர்க்க விறுவிறுக்க வருவாள்.

செல்வனுக்கு ஐந்து வயது நடக்கும்போது மகள் பிறந்தாள். அஞ்சல் மாஸ்டர் மலையாளத்துக்காரர். தன் மகளை அவர் ஓமனா என்று கூப்பிடுவதைக் கேட்டு மயங்கி, பகவதியப்பனும் அந்தப் பெயரையே வைத்தார். மலையாளத்தில் ஓமனா என்றால் செல்லம். பெயருக்கேற்ற செல்லம்தான். வேலை முடிந்து வந்ததும் அவளைத் தோளில் தூக்கினால் சாப்பிடத்தான் இறக்குவார். சந்தைக்குப் போனாலும் தோளில், குளத்துக்குப் போனாலும் தோளில்.

ஓமனா பத்து மாதத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். வாய் ஓயாது. நடக்கத்தான் இல்லை. ஒரு வயதாயிற்று, ஒன்றரை வயதாயிற்று. அவளுக்குப் பிறகு பிறந்த தெருப்பிள்ளைகள் எல்லாம் தத்தக்கா பித்தக்கா என்று நடந்து, அவர்கள் வீடுகளிலிருந்து கொழுக்கட்டை வந்தது. பிள்ளை முதல் அடி வைத்தால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். தாணம்மாள் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுக் கொழுக்கட்டை எப்பம்னு கேக்காளுவ" என்று புருஷனிடம் சொல்லுவாள். வைத்தியர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள் என்றார். "ஆடிக் காத்துல பெரிய ஆளே நிக்க முடியாத ஊரு இது. பிள்ளை எப்படி நிக்கும்?" என்று தாணம்மாள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆடி போய் ஆவணியும் போயிற்று. காற்று அடங்கியும் ஓமனா எழுந்திருக்கவில்லை.

பகவதியப்பனுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைப்பு வரும். அவள் காலுக்குச் சேரவேண்டிய பலத்தையும் சேர்த்துத் தன் காலுக்கே கடவுள் கொடுத்துவிட்டானோ? தோவாளை வயல்களுக்கு நடுவில் அவர் கண் கலங்கிக்கொண்டு ஓடியதைப் பூப்பறிக்கிற பெண்கள் பார்த்திருக்கிறார்கள். வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை அவர் கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முற்றத்தில் ஓமனா உரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பனைக் கண்டதும் உரலை விட்டாள். ஒரு கால் முன்னால் வந்தது. அவ்வளவுதான் அவர் பார்த்தார். நேரம் பிந்திவிட்டதே என்று ஓடத் தொடங்கியவருக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

வழியில் நிற்கக் கூடாது என்றுதானே சட்டம்? வாயைத் திறக்கக் கூடாது என்றில்லையே. "எம்மவ நடந்துட்டா!" என்று எதிரே வந்த சுடலையாண்டியின் வண்டியைப் பார்த்துக் கத்தினார். தோவாளையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற நேசபாய் டீச்சரிடம் சொன்னார். பூக்காரிகளிடம் சொன்னார். வெள்ளமடத்தில் சொன்னார். ஒழுகினசேரியில் வெற்றிலைக்கடை ஏசுஅடிமையிடம் சொன்னார். ஊர்க்காரர்களின் கடிதங்களை எல்லாம் வாய் திறக்காமல் சுமந்த மனுஷர், தன் வீட்டுச் சேதியை எட்டு மைலுக்கும் சலங்கையோடு விளம்பிவிட்டார். கேட்டவர்களெல்லாம், "கொழுக்கட்டை எங்க வே?" என்று திருப்பிக் கத்தினார்கள். "நாளைக்கி! எல்லாருக்கும் உண்டு!" என்று ஓடியபடியே வாக்கும் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஏட்டீ, எத்தனை அடி நடந்தா?" என்று கேட்டார்.

தாணம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆரு நடந்தது? நீங்க அந்தாலே போனதும் தொப்புன்னு விழுந்தால்லா! நெத்தியைப் பாருங்க."

ஓமனாவின் நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. சேதி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்ததும் தாணம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போனா என்னவாக்கும்? நின்னிருந்தா இந்த மானக்கேடு உண்டுமா?"

மறுநாளிலிருந்து அந்த எட்டு மைல் பகவதியப்பனுக்குப் பதினாறு மைலாயிற்று. "கொழுக்கட்டை எங்க?" என்று வழி முழுக்கக் கேட்டார்கள். முதலில், தேங்காய் கிடைக்கவில்லை என்றார். பிறகு, மாவு இடிக்கவில்லை என்றார். பிறகு இன்னும் வேகமாக ஓடினார்.

மார்கழியில் சுசீந்திரம் தேர் வந்தது. அதற்குப் போகாமல் இருக்க முடியுமா? பிள்ளைகள் ஒரு மாதமாகத் தேர், தேர் என்று துள்ளிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல் ஓமனாவைத் தோளில் வைத்துக்கொண்டு பகவதியப்பன் முன்னால் போனார். ஆனால் அந்த வருஷம் வேகத்துக்குக் காரணம் வேறு. தெரிந்த முகம் எதிர்ப்படும் முன்னே தேரைக் காட்டிவிட்டு ஊர் திரும்பிவிட வேண்டும் என்று திட்டம்.

தேரோடும் வீதியில் அந்தத் திட்டமெல்லாம் செல்லுமா? பொரிகடலைக் கடையருகே சுடலையாண்டி பிடித்துவிட்டான். அவனோடு தோவாளை ஆட்களும் வெள்ளமடத்து ஆட்களும் நின்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு தாணம்மாளும் செல்வனும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள்.

"ஓய், நடக்குத பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு என்ன செய்யேரு? எறக்கி விடும், நாங்களும் பாப்போம்லா" என்றான் சுடலையாண்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

பகவதியப்பன் தூங்குகிறாள் என்று சொல்ல வாயெடுத்தார். தோளிலிருந்த ஓமனா, "மாமா, பொரி" என்று தெளிவாகக் கேட்டாள். இனிமேல் என்ன சொல்லுவது?

"நடக்கல்ல, வே" என்றார். "எம்பிள்ளை இன்னும் நடக்கல்ல. ஆசையில நான் பொய்யாச் சொல்லிப்போட்டேன். எப்பம் நடப்பாளோ, நடக்கவே மாட்டாளோ, எனக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. சுடலையாண்டிக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவசரமாக ஒரு பொட்டலம் பொரி வாங்கி ஓமனா கையில் திணித்தான். "என் தங்கச்சி மவளும் ரெண்டு வயசுலதான் எந்திரிச்சா. இப்பம் மரமேறுகா" என்றான். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. தாணம்மாள் மட்டும் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் கூட்டத்தின் நடுவில் அவர் இப்படித் தலைகுனிந்து நின்று அவள் கண்டதில்லை. அவளுக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே போயிற்று.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பகவதியப்பன் நாகர்கோவிலில் பையை மாற்றிக்கொண்டு மத்தியானம் திரும்பி ஓடி வந்தார். ஒழுகினசேரியில் ஏசுஅடிமை கடையைவிட்டு இறங்கி வந்து கையை ஆட்டினான். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான். "உம்ம மவ நடந்துட்டாளாம் ஓய்!"

பகவதியப்பனுக்குச் சுருக்கென்றது. தேரில் ஊரறிய அவ்வளவு சொல்லியும் இவன் பழைய கேலியை விடவில்லையே என்று திரும்பிப் பார்க்காமல் ஓடினார். வெள்ளமடத்தில் இரண்டு பேர் நின்று, "மவ நடந்துட்டா, மவ நடந்துட்டா!" என்று கத்தினார்கள். ஒருவன் இலைப்பொட்டலத்தை வேறு நீட்டினான். எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்தார். பூக்காரிகளும் அதையே சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தோவாளைப் பள்ளிக்கூடத்து வாசலில் நேசபாய் டீச்சர் நடுவழியில் வந்து நின்றாள். அஞ்சல்காரரை யாரும் மறிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வேடிக்கைக்குக்கூட ஒரு பொய் சொல்லாதவள். சலங்கைச் சத்தத்துக்கு அவள் ஒதுங்காததைக் கண்டு பகவதியப்பன் திகைத்து நின்றார். அந்த ரோட்டில் பையோடு அவர் நின்றது அன்றுதான்.

"அண்ணாச்சி, இதைப் பிடியுங்க" என்று ஒரு வாழையிலைத் துண்டை நீட்டினாள். "சுடலையாண்டி வண்டியில ஒரு பெட்டி கொழுக்கட்டை உங்க வீட்டம்மா குடுத்துவிட்டிருக்கா. நீங்க ஆருகிட்டயெல்லாம் சொன்னீங்களோ அத்தனை பேருக்கும் குடுக்கச் சொன்னாளாம்."

பகவதியப்பன் இலையைப் பிரித்தார். பிடிகொழுக்கட்டை. விரல் பதிந்த தடம். வாயில் போட்டார். கருப்பட்டியும் சிறுபயறும், நாக்கில் உறைக்கிற அளவுக்குச் சுக்கும். இவ்வளவு சுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருத்திதான் போடுவாள். எத்தனை நாள் அதற்காக அவளைத் திட்டியிருக்கிறார்!

அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை ஓட்டம் என்று சொன்னால் போதாது. ஆரல்வாய்மொழி அஞ்சலாபீசில் பையை மேசைமேல் போட்டார். மாஸ்டர் நேரம் குறிக்கக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஆளைக் காணவில்லை.

வீட்டு முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. நடுவில் ஓமனா. செல்வனிடமிருந்து அடுத்த வீட்டுக்காரியிடம், அவளிடமிருந்து அம்மாவிடம் என்று குடுகுடுவென்று போய்க்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஆட்களை விலக்கிக்கொண்டு பகவதியப்பன் உள்ளே வந்தார். ஓமனா அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே தரையில் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"அப்பா, தூக்கு."

அவர் குனிந்தார்.

"தொடாதீங்க!" என்று தாணம்மாள் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின. "உங்களைக் கண்டா அவளுக்குக் காலே வேண்டாம். தோள் கெடைக்கும்போ அவ எதுக்கு நடக்கணும்? இத்தனை நாளும் இதாக்கும் சீக்கு. நில்லுங்க அங்கயே."

பகவதியப்பன் நின்றார். சும்மா நின்றால் கை தானாக நீண்டுவிடும் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஓமனாவுக்கு நம்ப முடியவில்லை. "தூக்கு" என்றாள் மறுபடியும். உதட்டைப் பிதுக்கினாள். அழுதாள். அவரும் அழுதார். பிள்ளை அழுது பார்த்தாள், தரையைத் தட்டிப் பார்த்தாள், யாராவது துணைக்கு வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். எட்டு மைல் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் தாண்டுகிற மனுஷர் ஒரு சாண்கூட அசையாமல் நின்றார்.

கடைசியில் ஓமனா இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி எழுந்தாள். ஒரு அடி வைத்து ஆடினாள். நின்றாள். கோபத்தோடு இன்னொரு அடி. அப்புறம் நாலைந்து அடி ஒரே ஓட்டமாக வந்து, அவர் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதிலேயே முகத்தைத் துடைத்தாள்.

பகவதியப்பன் அப்போதும் கையை எடுக்கவில்லை. ஈரக் கண்ணோடு பெண்சாதியைப் பார்த்தார்.

"இனி எடுக்கட்டாட்டீ?" என்று கேட்டார்.

"எடுங்க" என்றாள் தாணம்மாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.